கடல் கடந்த செலவும் மறுதொடக்கமும்: கொலம் டோபீனின் ‘புரூக்ளின்’ நாவலில் பெண் புலப்பெயர்வு

ஆய்வுச் சுருக்கம்

அயர்லாந்து எழுத்தாளர் கொலம் டோபீன் எழுதி 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘புரூக்ளின்’, 1950களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் எய்லிஷ் லேசி என்னும் இளம்பெண்ணின் வாழ்வைச் சொல்லும் வரலாற்று நாவலாகும். எய்லிஷ் பிறர் முடிவுகளுக்கு இசைந்து செல்லும் செயலற்ற பாத்திரம் என்பது இந்நாவலை வாசிப்போரிடம் எளிதில் எழும் கருத்து. அக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. நாவலில் இடம்பெறும் இரண்டு கடற்பயணங்களையும் ஒப்பிட்டு, புதிய நாட்டில் வாழ்வைத் தொடங்குதல் என்பது முதற்பயணத்தில் அன்றி இரண்டாம் பயணத்திலேயே நிகழ்கிறது என நிறுவ முயல்கிறது. பிரிந்து செல்லும் மகள், பின்தங்கும் தாய் என்னும் உறவை விளக்குவதற்குத் தமிழ் அகப்பொருள் மரபின் உடன்போக்கு, அலர், மறுதரவு ஆகிய கருத்தாக்கங்கள் ஒப்பீட்டுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரலாற்று நாவல், பெண் புலப்பெயர்வு, மௌனம், கடிதம், உடன்போக்கு, மறுதரவு, அலர்.

1. முன்னுரை

வரலாற்று நாவல் என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுவன அரண்மனைகளும் போர்க்களங்களுமே. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகியவை ஏற்படுத்திய அழுத்தமான தடம் அதற்குக் காரணம். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் எளிய மாந்தரையும் வரலாற்றின் அரங்கிற்குக் கொணர்ந்து அப்பார்வையை விரித்தது. எனினும், ஒரு கடையில் விற்பனையாளராகப் பணிபுரிந்து, மாலைநேர வகுப்பில் கணக்குப்பதிவியல் பயின்று, விடுதி அறையில் தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை வரலாற்று நாவல் எனக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

வால்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட ‘வேவர்லி’ நாவலுக்கு இட்ட துணைத்தலைப்பு, அதன் கதைக்காலம் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை உணர்த்துகிறது. எழுதப்படும் காலத்திற்கும் எழுதப்பெறும் காலத்திற்கும் இடையே இரு தலைமுறை இடைவெளி வேண்டும் என்னும் எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. 1955இல் பிறந்த டோபீன், தாம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தைய எனிஸ்கார்த்தியை அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து எழுதுகிறார். எனிஸ்கார்த்தி அவர் பிறந்த ஊரே ஆகும். கால இடைவெளி மட்டும் ஒரு படைப்பை வரலாற்று நாவலாக்கி விடாது. ஜார்ஜ் லூகாச் வரலாற்று நாவல் குறித்த தம் ஆய்வில், ஸ்காட்டின் தலைமாந்தர் பெருவீரர் அல்லர், நடுத்தரமானவர் என்பதைச் சுட்டி, அந்த நடுத்தரத் தன்மையினாலேயே மோதிக்கொள்ளும் சமூக ஆற்றல்கள் அவர்வழி வெளிப்படுகின்றன என விளக்கினார். எய்லிஷ் அத்தகைய தலைமாந்தர். அவள் வரலாற்றை இயக்குபவள் அல்லள். வரலாறு அவள்வழியே கடந்து செல்கிறது.

‘புரூக்ளின்’ நாவலின் தொடர்ச்சியாக ‘லாங் ஐலண்ட்’ என்னும் நாவல் 2024இல் வெளிவந்தது. முதல் நாவல் பதினைந்து ஆண்டுகள் தனித்து நின்று வாசிக்கப்பட்ட படைப்பு என்பதால், இக்கட்டுரை அதனை மட்டுமே ஆய்வெல்லையாகக் கொள்கிறது.

2. வரலாற்றுப் பின்புலம்

1951 முதல் 1961 வரையிலான பத்தாண்டுகளில் அயர்லாந்துக் குடியரசிலிருந்து வெளியேறியோரின் நிகர எண்ணிக்கை ஏறத்தாழ 4 லட்சம். 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 28 லட்சமாகக் குறைந்திருந்தது. ஒரு தலைமுறையின் பெரும்பகுதி நாட்டைவிட்டு நீங்கிய காலம் அது. வெளியேறியோரில் பெரும்பாலோர் அருகிலிருந்த இங்கிலாந்துக்கே சென்றனர். நாவலில் எய்லிஷின் மூன்று சகோதரர்களும் பர்மிங்காம் நகரில் பணிபுரிவதாகக் காட்டப்படுவது இவ்வுண்மையோடு பொருந்துகிறது. அமெரிக்கா செல்லும் எய்லிஷ் அக்குடும்பத்தில் விதிவிலக்கே.

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக உச்சவரம்பு விதித்தது. 1929 முதல் அயர்லாந்துக்கு ஒதுக்கப்பட்ட ஆண்டு எண்ணிக்கை 17,853. அயர்லாந்தைவிடப் பன்மடங்கு மக்கள்தொகை கொண்ட இத்தாலிக்குக் கிடைத்ததோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எய்லிஷுக்கு அருட்தந்தை ஃபிளட் ஒருவரின் பரிந்துரையும் ஒரு வேலை உறுதியும் போதுமானவையாக இருந்ததற்கு இச்சட்டச் சூழலும் ஒரு காரணம். அவள் புரூக்ளினில் விரும்பி மணக்கும் டோனி ஃபியோரெல்லோ இத்தாலியக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதையும் இணைத்து நோக்கினால், இருவரும் ஒரே நகரில் வாழ்ந்தாலும் அந்நகரத்தின் கதவு இருவர் இனத்தார்க்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை என்பது புலனாகும்.

பெண்ணின் நிலையைத் தீர்மானித்த இரண்டு சட்டக்கூறுகள் இங்கு இன்றியமையாதவை. அயர்லாந்தில் அரசுப்பணியிலிருந்த பெண்கள் மணம் முடித்தவுடன் பணியிலிருந்து விலக வேண்டும் என்னும் விதி 1973 வரை நடைமுறையில் இருந்தது. தனியார் நிறுவனங்கள் பலவற்றிலும் அதுவே வழக்கமாயிற்று. 1937ஆம் ஆண்டு அரசமைப்பு மணமுறிவைத் தடை செய்தது. 1995ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பே அத்தடையை நீக்கியது. நாவலின் இறுதிச் சிக்கலை உணர்வுச் சிக்கலாக மட்டும் காண்போர் இரண்டாவது கூற்றை மறந்துவிடுகின்றனர். டோனியை மணந்த எய்லிஷ் ஊர் திரும்பி ஜிம் ஃபாரெலை விரும்பும்போது, அவள் எதிர்கொள்வது இரு காதலர்க்கிடையிலான தடுமாற்றம் மட்டுமன்று. திரும்பப் பெற இயலாத ஓர் ஒப்பந்தத்தின் முழுச் சுமையும் ஆகும்.

3. முதற்பயணம்: பிறர் எடுத்த முடிவு

நாவலின் முதற்பகுதி எனிஸ்கார்த்தியில் நிகழ்கிறது. கணக்குப்பதிவியல் கற்ற எய்லிஷுக்கு ஊரில் ஏற்ற வேலை இல்லை. செல்வி கெல்லி என்பவரின் மளிகைக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்குப் பணி கிடைக்கிறது. வாடிக்கையாளரின் செல்வநிலைக்கேற்ப மரியாதையை அளந்து கொடுக்கும் அக்கடை, ஊரின் படிநிலைச் சமூகத்தை ஒரு சிறு இடத்தில் அடக்கிக் காட்டுகிறது. தந்தை மறைந்துவிட்டார். அக்காள் ரோஸ் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பெறும் ஊதியமே குடும்பத்தைத் தாங்குகிறது.

இந்நிலையில் புரூக்ளினிலிருந்து விடுமுறைக்கு வந்த அருட்தந்தை ஃபிளட் தேநீருக்கு வருகிறார். அமெரிக்காவில் வேலை கிடைக்கும் என்னும் பேச்சு எழுகிறது. பேச்சு அடங்கிய பின்னர் நிலவும் அமைதியில், தாயும் அக்காளும் முன்கூட்டியே இசைந்துவிட்டனர் என்பதை எய்லிஷ் உணர்கிறாள். அவளிடம் எவரும் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. நாவலின் மிக முக்கியமான முடிவு ஒன்றும் சொல்லப்படாமலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இம்மௌனத்தை அடக்குமுறை என்று மட்டும் பொருள்கொள்வது முழுமையாகாது. தங்கை செல்வதால் தாயைக் காக்கும் பொறுப்பு முழுவதும் ரோஸின் மீது விழும். அவள் மணம் முடித்து வேறு வீடு செல்லும் வாய்ப்பும் மூடப்படும். எய்லிஷ் இதனை மெல்ல மெல்ல உணர்கிறாள். தன்னைவிட ரோஸே அயல்நாட்டு வாழ்வுக்குத் தகுதியானவள் என்றும், தான் ஊரில் தங்கியிருக்கவே விரும்பினாள் என்றும் அவள் மனம் எண்ணுகிறது. ஆயினும் அதைச் சொன்னால் அக்காளின் ஈகத்தைப் பயனற்றதாக்கிவிடும். தாயோ மகள் முன்னிலையில் மகிழ்ச்சியே காட்டுகிறாள். அண்டைவீட்டுப் பெண் ஒருத்தி வினவும்போதுதான், மகளின் பிரிவு தன்னைக் கொன்றுவிடும் என்னும் பொருள்பட அவள் வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். மூவரும் ஒருவரையொருவர் காக்கும் பொருட்டே பேசாதிருக்கின்றனர். அன்பின் வடிவமாகத் தொடங்கும் இம்மௌனம், பின்னர் எய்லிஷின் வாழ்வில் பொய்யின் வடிவமாக மாறுவதே நாவலின் உள்ளியக்கம் எனலாம்.

4. கப்பல், கடை, வகுப்பறை

அட்லாண்டிக் கடற்பயணத்தை டோபீன் வியப்புக்குரிய காட்சியாக அமைக்கவில்லை. குமட்டலும் வாந்தியும், பக்கத்து அறையினர் பூட்டிக்கொண்ட பொதுக் குளியலறையும், அறைத்தோழி ஜார்ஜினா தரும் நடைமுறை அறிவுரைகளுமே அப்பகுதியின் உள்ளடக்கம். பயணம் உடலின் வழியே உணர்த்தப்படுகிறது.

புரூக்ளினில் ஃபுல்டன் தெருவிலுள்ள பார்டோச்சி பல்பொருள் அங்காடியில் எய்லிஷ் விற்பனையாளராகிறாள். வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த திருமதி கியோ நடத்தும் விடுதியில் தங்குகிறாள். வேலை, விடுதி, திருச்சபை மன்றம் ஆகிய மூன்றும் அவளைச் சூழ்ந்து காக்கின்றன, கண்காணிக்கவும் செய்கின்றன. ஊரை விட்டு நீங்கியபோதும் ஊர் அவளை விட்டு நீங்கவில்லை என்பதை விடுதி உணவுமேசைப் பேச்சுகள் காட்டுகின்றன. இப்பிணைப்பே பின்னர்ச் செல்வி கெல்லியின் கைக்கு எய்லிஷின் மறைபொருளைக் கொண்டு சேர்க்கிறது. கெல்லியும் கியோவும் உறவினர்.

வீட்டிலிருந்து முதற்கடிதங்கள் வந்தபோது எய்லிஷ் நிலைகுலைகிறாள். கடிதம் தொலைவைக் குறைப்பதற்கு மாறாக, தொலைவை உணர்த்துகிறது. அதுவரை இயல்பாகச் செய்துவந்த பணிகள் பொருளற்றவையாகின்றன. அறையில் தனக்கென எதுவுமில்லை, அங்குத் தன்னை அறிந்தவர் எவருமில்லை என்னும் உணர்வு மேலிடுகிறது. இந்த ஏக்கத்துக்கு அருட்தந்தை ஃபிளட் காணும் மருந்து ஆறுதல் மொழியன்று. புரூக்ளின் கல்லூரியின் மாலைநேரக் கணக்குப்பதிவியல் வகுப்பு. ஏக்கத்தை உழைப்பால் நிரப்பும் இத்தீர்வு நாவலின் உலகியல் நோக்கைப் புலப்படுத்துகிறது. புதிய நாடு எய்லிஷுக்குச் சொந்தமாவது ஒரு நாட்டுப்பற்று உணர்வினால் அன்று. தேர்வில் பெறும் தேர்ச்சியினாலும் வாரக்கூலியினாலும் ஆகும்.

நகரத்தின் வரலாறு மூன்று காட்சிகளில் நுட்பமாக நுழைகிறது. முதலாவது, கிறித்துமசு நாளில் திருச்சபை மன்றத்தில் முதிய ஐரிஷ் ஆடவர்க்கு விருந்தளிக்கும் காட்சி. அமெரிக்க நகரத்தின் பாலங்களையும் சுரங்கவழிகளையும் கட்டியவர்கள் அவர்கள். இன்று குடும்பமின்றி, நாடு திரும்பும் வழியுமின்றி நிற்கின்றனர். அவருள் ஒருவர் தாய்மொழியில் பாடும் பாடல், புலப்பெயர்வின் இறுதிநிலை எதுவாகலாம் என்பதை எய்லிஷுக்கு முன்னுணர்த்துகிறது. இரண்டாவது, அங்காடியில் கறுப்பினப் பெண்களுக்கான காலுறைகள் விற்பனைக்கு வரும் காட்சி. அவர்களை வாடிக்கையாளராக வரவேற்கும் முடிவு வணிக முடிவாகவே எடுக்கப்படுகிறது; முகப்பில் நிற்கும் பணி எய்லிஷுக்குத் தரப்படுகிறது. தான் புதியவள் எனக் கருதிய எய்லிஷ், தலைமுறைகளாக அந்நாட்டில் வாழ்வோர் அக்கடையில் தன்னைவிடப் புதியவராக நடத்தப்படுவதைக் காண்கிறாள். மூன்றாவது, சட்ட வகுப்பு ஆசிரியர் ரோசன்பிளமின் உறவினர் ஐரோப்பாவில் கொல்லப்பட்டதைப் புத்தகக்கடைக்காரர் வாயிலாக அவள் அறிய நேர்தல். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நிலையிலும் அச்செய்தி அவளுக்குப் புதிது. இம்மூன்று காட்சிகளிலும் ஆசிரியர் விளக்கவுரை எதுவும் தரவில்லை. எய்லிஷ் அறிந்த அளவே வாசகரும் அறிகின்றனர். அவள் அறியாததை வாசகர் அறிந்திருப்பதால் வரலாற்று முரண் தோன்றுகிறது.

டோனியின் குடும்பம் நேசிக்கும் டோட்ஜர்ஸ் பேஸ்பால் அணியும் இவ்வாறே செயற்படுகிறது. அவ்வணி 1957ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது; எபெட்ஸ் ஆடுகளம் 1960இல் இடிக்கப்பட்டது. டோனியும் அவன் உடன்பிறந்தாரும் லாங் ஐலண்டில் நிலம் வாங்கி வீடு கட்டத் திட்டமிடுகின்றனர். எய்லிஷ் வந்து சேர்ந்த புரூக்ளினே மறைந்துகொண்டிருந்த ஒன்று என்பதை 2009ஆம் ஆண்டு வாசகர் அறிவர். குடியேறுபவள் ஒரு நிலையான இடத்திற்குச் செல்லவில்லை. அவளைப் போன்றே நகர்ந்துகொண்டிருக்கும் இடத்திற்குச் செல்கிறாள்.

5. அகமரபின் ஒளியில் பிரிவு

திணைக் கோட்பாட்டை அயர்லாந்து நாவல் ஒன்றின்மீது ஏற்றுவது இப்பகுதியின் நோக்கமன்று. பிரிவை வகைப்படுத்திப் பெயரிட்ட ஒரு மரபு, அத்தகைய பெயர்கள் இல்லாத படைப்பில் எவற்றைக் காண உதவும் என்பதே வினா.

தொல்காப்பியம் அகத்திணையியலில், முந்நீர்ச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று உண்டு. அதனைக் கடல்வழிச் செலவு எனக் கொள்ளும் உரையும், ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவு எனக் கொள்ளும் உரையும் உள. எவ்வுரையைக் கொண்டாலும், தொலைநிலம் நோக்கிச் செல்பவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி என்னும் அமைப்பு மாறவில்லை. ‘புரூக்ளின்’ அவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. பொருள்வயின் பிரிபவள் மகள், காத்திருப்பவள் தாய். நாவலின் இறுதிப்பகுதியில் எய்லிஷ் ஊர் திரும்பும்போது, புரூக்ளினில் கடிதம் எழுதிக் காத்திருப்பவன் டோனி.

பெண் பிறந்த வீட்டை நீங்கிச் செல்லும் செலவை அகமரபு உடன்போக்கு என்னும் துறையில் மட்டுமே விரித்துப் பேசுகிறது. ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியின் இறுதியில் ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’, ‘உடன்போக்கின்கண் இடைச்சுரத்து உரைத்த பத்து’, ‘மறுதரவுப் பத்து’ என்னும் மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. செலவு, தாயின் இரங்கல், வழியிடை நிகழ்வு, மீண்டு வருதல் என்னும் இவ்வரிசை மீட்சியில் நிறைவெய்துகிறது. மறுதரவு பிரிவின் காயத்தை ஆற்றுகிறது; மறைவாக இருந்த உறவு ஊரறிய ஏற்கப்படுவதற்கு வழி பிறக்கிறது.

‘புரூக்ளின்’ நாவலும் மறுதரவைக் கொண்டுள்ளது; அதன் பயன் மட்டும் நேர்மாறானது. ரோஸ் உறக்கத்தில் இறந்துவிடுகிறாள். தன் இதயம் நலிவுற்றிருந்ததை அறிந்தும் தாயிடம் கூறாமல் மறைத்தவள் அவள். துயருற்ற தாயைக் காணச் செல்லுமுன் டோனியின் வேண்டுகோளுக்கு இசைந்து எய்லிஷ் அவனை மறைவாகப் பதிவுமணம் செய்துகொள்கிறாள். ஊர் திரும்பியவள் அம்மணத்தைத் தாயிடம் சொல்லவில்லை. அகமரபில் மறுதரவு களவை வெளிப்படுத்தும். இங்கு மறுதரவே களவாகிறது. நாள்கள் செல்லச் செல்ல ஊர் அவளுக்கு முன்னர் மறுத்தவற்றையெல்லாம் நீட்டுகிறது: ரோஸின் அலுவலகத்தில் பணி, தோழி நான்சியின் திருமணக் கொண்டாட்டம், மதிப்புமிக்க ஜிம் ஃபாரெலின் அன்பு. டோனியின் கடிதங்கள் பிரிக்கப்படாமலேயே கிடக்கின்றன. இரண்டு உலகங்களில் எது நிகழ்கிறதோ அதுவே மெய், மற்றது கனவு என்னும் மயக்கம் அவளை ஆட்கொள்கிறது. புரூக்ளினில் இருந்தபோது எனிஸ்கார்த்தி எய்திய நிலையை, எனிஸ்கார்த்தியில் இருக்கும்போது புரூக்ளின் எய்துகிறது.

6. அலரும் தெரிவும்

இம்மயக்கத்தைக் கலைப்பவர் செல்வி கெல்லி. எய்லிஷை அழைத்து, புரூக்ளினில் நிகழ்ந்தது தமக்குத் தெரியும் என்பதைக் குறிப்பாக உணர்த்துகிறார். அகமரபில் அலர் ஆற்றும் செயலை இங்கு அவர் ஆற்றுகிறார். அலர் எழுந்தபின் களவு நீடிக்க இயலாது. வரைவு அல்லது உடன்போக்கு என்னும் இரண்டில் ஒன்றை அது விரைவுபடுத்தும். எய்லிஷும் கடையிலிருந்து வெளிவந்தவுடன் கப்பலில் இடம்பெற முற்படுகிறாள்.

இங்கு இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று எழுகிறது. முதற்பயணத்தைத் தாயும் அக்காளும் பாதிரியாரும் தீர்மானித்தனர். இரண்டாம் பயணத்தைக் கெல்லியின் மிரட்டல் தீர்மானித்தது. எனில், எய்லிஷ் எங்கே தெரிவு செய்கிறாள்? இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. நாவலே அதற்கு இடமளிக்கிறது. மணமானதை அறிந்த தாய், மணமாகாதிருந்தால் திரும்பிச் செல்வாயா என்று வினவும்போது, தனக்குத் தெரியவில்லை என்றே எய்லிஷ் மறுமொழி கூறுகிறாள். விருப்பத்தை அறுதியிட்டுக் கூறும் தலைவி அல்லள் அவள்.

ஆயினும் இரண்டு பயணங்களுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. முதற்பயணத்தில் எவரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாம் பயணத்திற்கு முன் எய்லிஷ் சொல்கிறாள். கெல்லிக்கு மறைபொருள் தெரிந்துவிட்டது என்பதனால் மட்டும் தாயிடம் நேரில் உண்மை உரைக்க வேண்டிய கட்டாயம் இல்லை; பழக்கப்பட்ட வழியில் ஏதேனும் ஒரு காரணம் கூறி, பின்னர்க் கடிதத்தில் எழுதியிருக்கலாம். அவள் குடும்பம் மூன்று தலைப்பிலும் கைக்கொண்ட வழி அதுவே: தாய் தன் துயரை மறைத்தாள், ரோஸ் தன் நோயை மறைத்தாள், எய்லிஷ் தன் மணத்தை மறைத்தாள். அச்சங்கிலியை எய்லிஷ் தாயின் முன்னிலையில் அறுக்கிறாள். செல்வதா, தங்குவதா என்பதில் அவளுக்கிருந்த உரிமை குறுகியது. சொல்வதா, மறைப்பதா என்பதில் உரிமை முழுமையாக அவளிடமே இருந்தது. மறுதொடக்கம் என்பது இடமாற்றத்தில் அன்று, இச்சொல்லில் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபுக்கும் ஓர் எல்லை உண்டு. ஜிம் ஃபாரெலிடம் எய்லிஷ் நேரில் எதுவும் உரைக்கவில்லை; அவன் வீட்டுக் கதவின்வழி ஒரு குறிப்பை இட்டுச் செல்கிறாள். தாயிடம் கலைந்த மௌனம் அவனிடம் கலையவில்லை. டோபீன் தம் தலைமாந்தரை முழுமை பெற்றவளாகக் காட்ட முற்படவில்லை என்பதற்கு இது சான்று.

7. தாயின் அமைதி

உண்மையைக் கேட்ட தாயின் எதிர்வினை நாவலின் உச்சம் எனத் தகும். அவள் கதறவில்லை, கடிந்துரைக்கவில்லை. கணவன் நல்லவனா என வினவுகிறாள். மணமானவள் கணவனோடு இருத்தலே முறை என்கிறாள். பின்னர், விடைபெறுதலை ஒருமுறை மட்டுமே செய்ய விரும்புவதாகக் கூறி, அப்பொழுதே விடைகொடுத்துவிட்டுத் தன் அறைக்குச் செல்கிறாள். காலையில் மகளை வழியனுப்ப அவள் எழுந்து வரப்போவதில்லை.

அகமரபின் நற்றாய் மகள் சென்றபின் பேசுகிறாள். அவள் ஆடிய பந்தையும் பாவையையும் கண்டு இரங்குகிறாள், சுரத்தின் வெம்மையை எண்ணிக் கலங்குகிறாள், தெய்வத்தை வேண்டுகிறாள். துயரத்திற்கு மொழி வழங்குவதற்கென்றே கூற்று என்னும் உறுப்பு அங்கு அமைந்துள்ளது. செவிலியைத் தேற்றுவதற்குக் கண்டோரும் உளர். எனிஸ்கார்த்தியின் தாய்க்குக் கண்டோர் இல்லை. அவள் துயரைக் கேட்கும் செவிலி இல்லை. கணவன் மறைந்தான், மூத்த மகள் இறந்தாள், மைந்தர் மூவரும் இங்கிலாந்தில் உளர். நான்கு லட்சம் பேர் வெளியேறினர் எனக் கணக்கிட்ட புள்ளிவிவரம், பின்தங்கிய இத்தகைய தாயர் எத்துணையர் எனக் கணக்கிடவில்லை. அவளுக்கு இரங்கற்கூற்று வழங்காமல், மூடிய அறைக்கதவை மட்டும் காட்டி நாவல் அவ்விடத்தை நிரப்புகிறது. அகமரபைப் பயின்ற வாசகருக்கு, ஒரு கூற்று நிகழவேண்டிய இடத்தில் அது நிகழாமை தனித்துத் தெரியும். இவ்வொப்பீட்டின் பயன் அதுவே.

இறுதியில் தொடர்வண்டியில் அமர்ந்திருக்கும் எய்லிஷ், ஜிம் தன் வீட்டிற்கு வந்து வினவுவதையும், அவள் புரூக்ளினுக்குத் திரும்பிவிட்டாள் எனத் தாய் மறுமொழி கூறுவதையும் கற்பனை செய்கிறாள். காலம் செல்லச் செல்ல அச்சொற்கள் கேட்டவனுக்குப் பொருள் குறைந்தும், தனக்குப் பொருள் மிகுந்தும் வரும் என எண்ணுகிறாள். நாவல் அங்கேயே முடிகிறது. ஜான் கிரௌலி இயக்கத்தில் 2015இல் வெளிவந்த திரைப்படம் எய்லிஷும் டோனியும் மீண்டும் சந்திப்பதைக் காட்டி முடிகிறது. திரைப்படம் மறுதொடக்கத்தை அடைவாகக் காட்ட, நாவல் அதனை இழப்பின் கணக்கோடு சேர்த்தே காட்டுகிறது. தாய் மகளுக்காகச் சொல்லும் சொற்களையும் மகளே கற்பனை செய்ய வேண்டியிருப்பது, அத்தாயின் அமைதி எத்துணை ஆழமானது என்பதை உணர்த்துகிறது.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

‘புரூக்ளின்’ நாவலின் வரலாற்றுத் தன்மை பெருநிகழ்வுகளில் இல்லை. குடியேற்ற உச்சவரம்பு, மணமுறிவுத் தடை, வேலையின்மை ஆகியவை ஒரு பெண்ணின் அன்றாடத்தில் செயற்படும் முறையில் உள்ளது.

எய்லிஷைச் செயலற்றவள் எனக் கருதுவது அவள் முதற்பயணத்திற்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் பயணத்தையும் அலரே தூண்டினும், தாயிடம் உண்மை உரைத்தல் அவள் தானே மேற்கொண்ட செயல். குடும்பத்தில் வழிவழியாக வந்த மௌனத்தை அச்செயல் கலைக்கிறது.

அகமரபில் பிரிவை ஆற்றும் மறுதரவு, இந்நாவலில் பிரிவை நிலைபெறச் செய்கிறது. மீண்டு வந்தபின் மீண்டும் செல்லுதலே உண்மையான செலவாகிறது.

புலப்பெயர்வு இலக்கியத்தைச் சென்றோர் நிலையிலிருந்து மட்டும் ஆராயும் போக்கு மிகுதி. கூற்று, கேட்போர், கண்டோர் என்னும் அகப்பொருள் உறுப்புகள் பின்தங்கியோரின் நிலையை ஆராய்வதற்கும் துணைபுரியும். கடிதத்தின் மறுமுனையில் இருந்தோர் பேசினார்களா, பேச இடமிருந்ததா என்னும் வினாவைத் தமிழ்ப் புலம்பெயர் புனைவுகளிடமும் இம்முறையில் எழுப்பலாம். எய்லிஷின் தாய் மூடிக்கொண்ட கதவு அவ்வினாவையே விட்டுச் செல்கிறது.